இதுவும் ஒண்ணு

உட்காருங்கள் தங்கச்சி, உட்காருங்கள். முதுகுப் பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தானே தயங்குகிறீர்கள்? 'முதியோர் மட்டும்'. போன மாதம்தான் எழுதினார்கள், அதற்குள் பெயிண்ட் உரிகிறது. நான் பக்கத்தில் இருக்கிறவரை உங்களை யாரும் எழுப்ப மாட்டார்கள். இந்த 'மட்டும்' என்கிற வார்த்தை இருக்கிறதே, அதோடு எனக்கு ரொம்ப நாள் பழக்கம். ஒரு காலத்தில் இந்த டர்பன் ஊரில் பெஞ்சு, குழாய், கடற்கரை, தபாலாபீஸ் வாசல் என்று எங்கே திரும்பினாலும் அந்த வார்த்தை நிற்கும். வெள்ளைக்காரர் மட்டும். நமக்கு வேறு வாசல். கறுப்பு ஆட்களுக்கு அதற்கும் பின்னால் இன்னொரு வாசல். கடைசியில் எனக்கென்றும் ஒரு பெஞ்சு எழுதி வைத்துவிட்டார்கள் பாருங்கள், அதுவும் கோவிலுக்குள்ளே, அதுவும் என்னை ஓரம் கட்டுவதற்கு.

யாரைப் பார்க்கிறீர்கள் என்று தெரியும். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அவளைத்தான் பார்க்கிறார்கள். மஞ்சள் புடவை, தலையில் வேப்பிலை, கையில் அகப்பை, ஒரு சூலூக்காரி, இந்த மண்ணின் கறுப்பினத்தவள், நம்ம மாரியம்மன் கோவிலில் கஞ்சி ஊற்றுகிறாள், அதிசயம்தான். படம் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாரும் எடுக்கிறார்கள். ஆனால் அந்த அகப்பையைக் கொஞ்சம் நன்றாகப் பாருங்கள். அந்தக் காம்பு தேய்ந்திருக்கிறதே, அது அவள் கை பட்டுத் தேய்ந்ததில்லை. அது என் அம்மாவின் அகப்பை.

நான் கஞ்சி குடிக்கப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாமி கும்பிட்டாயிற்று, சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். பையில் என்னவா? ஒன்றுமில்லை, மூக்குக் கண்ணாடி, மாத்திரை, அதுஇது.

நீங்கள் ஊரிலிருந்து வந்தவர்கள், உங்களுக்கு இந்த முறை தெரியாது. ஆடி மாசத்தில் அம்மனுக்குக் கஞ்சி காய்ச்சிப் படைத்ததும் கூட்டத்துக்கு ஊற்றுகிற முதல் அகப்பை இருக்கிறதே, அது பெரிய காரியம். கண்ட கையும் ஊற்றிவிட முடியாது. இந்தக் கோவில் தகரக் கொட்டகையாக இருந்த நாளிலிருந்து என் அம்மா சாலாட்சிதான் ஊற்றினாள். அம்மா போன பிறகு நான். போன வருஷம் எனக்கு முழங்காலில் ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்த ஒரு வருஷம் அவள் ஊற்றினாள். சரி, ஆபத்துக்குப் பாவமில்லை என்று விட்டேன். இந்த வருஷம் நான் எழுந்து நடக்கிறேன், இதோ பாருங்கள் கை கூட நடுங்கவில்லை. ஆனால் கமிட்டித் தலைவர் தயாளன் இருக்கிறானே, அந்த வேட்டியில் பெல்ட் போட்டுக்கொண்டு ஓடுகிறானே, அவன் வந்து சொல்கிறான்: "ஆன்ட்டி, நீங்க கஷ்டப்படாதீங்க. உங்களுக்குன்னே பெஞ்சு போட்டிருக்கோம்."

கஷ்டமாம். என் அம்மாவின் அகப்பை எனக்குக் கஷ்டமாம்.

அவள் பெயரா? நொம்வூலா. சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு வந்துவிட்டதே! எனக்கு இத்தனை வருஷத்தில் வாயில் நுழையவில்லை. நுழைக்கவும் இல்லை. நான் மேரி என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் வேலை செய்தவள்தானே.

அந்த மேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே வெள்ளைக்காரனுக்கு நம் பெயர் எதுவும் வேண்டாம். ஆண்பிள்ளை என்றால் சாமி, பெண்பிள்ளை என்றால் மேரி. என் அம்மா தலையில் கூடை வைத்துக் கீரை விற்கப் போவாள், அவளும் மேரி. கூடப் போகிற ராமாயியும் மேரி. நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவள், சாயங்காலம் கோவிலில் தமிழும் படித்தவள், ஊருக்குள்ளே பெரிய துணிக்கடையில் பின்னறையில் உட்கார்ந்து தைத்தவள். ஒரு நாள் ஒரு துரைசானி, "மேரி, குண்டூசி கொண்டு வா" என்றாள். நான் நிமிர்ந்து நின்று, என் பெயர் லோகாம்பாள் மேடம் என்றேன், நல்ல இங்கிலீஷில். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எவ்வளவு அழகான பெயர், மேரி!"

சிரிக்கிறீர்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன்.

எங்கே விட்டேன்? ஆமாம், அவள். அவள் முதலில் வேலைக்காரி இல்லை. நாங்கள் கேட்டோ மேனர் என்கிற இடத்தில் ஆற்றோரம் இருந்தோம். அம்மாவுக்கு அங்கே கீரைத் தோட்டம். தோட்டத்துக்குப் பின்னால் அவளுடைய அம்மா குடிசை போட்டு வாடகைக்கு இருந்தாள். அந்த அம்மாளும் என் அம்மாவும் சேர்ந்து கீரை பறிப்பார்கள், ஆளுக்கொரு பாஷையில் சண்டை போடுவார்கள், சாயங்காலம் சேர்ந்தே மூக்குப்பொடி போடுவார்கள். கஞ்சிக்குச் சோள மாவைப் புளிக்க வைக்கிற பக்குவம் கூட அந்த அம்மாள் சொல்லிக் கொடுத்ததுதான். அதற்காகக் கஞ்சி அவர்களுடையது ஆகிவிடுமா? கஞ்சி நம்முடையது. புளிப்பு மட்டும் அவர்களுடையது.

அவளும் நானும் ஒரே வயது, நான் மாசக்கணக்கில் மூத்தவள். அவள் எப்போது பார்த்தாலும் எங்கள் அடுப்படியில்தான் கிடப்பாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு என் அம்மா அவளோடு பேசிக்கொண்டிருப்பாள். நான் திரும்பி வந்தால் என் இடத்தில் உட்கார்ந்து அவள் முறுக்குத் தின்றுகொண்டிருப்பாள். "அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்ல புள்ள, பாவம்" என்பாள் அம்மா. எனக்கு இருந்தது பள்ளிக்கூடம். அவளுக்கு இருந்தது என் அம்மா. யார் பாவம், நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம்தான் சர்க்கார் சட்டம் போட்டது. இந்த இடம் இனிமேல் வெள்ளைக்காரர் மட்டும். ஒருவன் வந்து கதவுகளில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதிவிட்டுப் போனான். கறுப்பு ஆட்களை முதலில் லாரியில் ஏற்றி வடக்கே க்வாமாஷூவுக்கு அனுப்பினார்கள். பிறகு எங்களைத் தெற்கே, இந்த சாட்ஸ்வர்த்துக்கு. நடுவில் ஊர் முழுவதும் வெள்ளைக்காரர்கள், வேலி மாதிரி. தோட்டத்தை மெஷின் வந்து வழித்துப் போட்டது. அம்மா அகப்பையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு லாரியில் உட்கார்ந்து அழுதாள். தெருவே அழுதது. நானும் அழுதேன், எல்லாரும் அழும்போது சும்மா இருந்தால் நன்றாக இருக்காது. ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தச் சட்டம் எல்லாரிடமிருந்தும் எதையோ பிடுங்கியது. எனக்கு அம்மாவைக் கொடுத்தது. இங்கே வந்து சில வருஷம், சின்ன வீடு, நானும் அம்மாவும்தான். நான் கடையிலிருந்து வந்தால் கதவைத் திறந்து, "வந்துட்டியா" என்பாள். அந்த 'வந்துட்டியா'வைக் கேட்பதற்காகவே பஸ் நிற்கிறதற்குள் குதித்து ஓடி வருவேன்.

சர்க்கார் செய்ததில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அநியாயம்.

ஒரு நாள் ஓடி வருகிறேன், அம்மாவைக் காணோம். அடுப்படியில் சிரிப்புச் சத்தம். போய்ப் பார்த்தால் அவள். க்வாமாஷூவிலிருந்து எத்தனை பஸ் மாறி, யாரிடம் விசாரித்து வந்தாளோ. அவளுடைய அம்மா செத்துப் போயிருந்தாள். வேலை தேடி வந்தேன் என்கிறாள், தமிழில். அம்மா அவளைப் பிடித்துக்கொண்டு "மாரி, மாரி" என்று அழுகிறாள்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இங்கேதான் விஷயம் இருக்கிறது. அம்மா அவளை மாரி என்றாள். ஆற்றோரத்திலேயே அப்படித்தான் கூப்பிடுவாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் நாக்கு வராது. தபாலாபீஸைத் தப்பாலாப்பீஸ் என்பாள், மார்க்கெட்டை மாக்கட்டு என்பாள். அதனால் மேரியைத்தான் மாரி என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளைக்காரன் நம்மை மேரி என்கிறான், நாம் இவளை மேரி என்கிறோம், சரியாகப் போயிற்று என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. அம்மாவின் உச்சரிப்பைத் திருத்தி நான் சரியாகவே மேரி என்று கூப்பிட்டேன். அவளும் "என்ன லோகா" என்று வருவாள். ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் பேதம் என்கிற பேச்சே கிடையாது. கொல்லை அறையில் கட்டில் போட்டுக் கொடுத்தோம். அவளுக்கென்று தனித் தட்டு, நீல விளிம்பு போட்ட எனாமல் குவளை ஒன்று, குழாயடியில் ஆணி அடித்து மாட்டி வைத்தோம். இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நம் ஆட்களில் சிலர் அவர்களை ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடுவார்கள், அதை உங்களிடம் சொல்லக் கூசுகிறது. நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை, கோபம் வந்தால் தவிர. நான் இல்லாத நேரத்தில் அம்மா அந்தக் குவளையிலேயே டீ குடிப்பாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நான் நம்பவில்லை.

பாருங்கள், பாருங்கள், இங்கேதான் வருகிறாள். நீங்கள் பேசாமல் இருங்கள்.

...

கேட்டீர்களா? "லோகா, கஞ்சி?" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பார்த்தீர்கள். அதற்கு என்ன சொல்லிவிட்டுப் போகிறாள்? "ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?" அது யார் பேச்சு என்று நினைக்கிறீர்கள்? என் அம்மாவின் பேச்சு. அப்படியே அந்த இழுப்பு, அந்த 'டி'. அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் என் அம்மா திட்டிய திட்டுதான். கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்கு, கண்ணை எங்க அடகு வச்சே, எல்லாம் அவளிடம் பத்திரமாக இருக்கிறது. என்னை அம்மா திட்டவே மாட்டாள். நான் படித்தவள், சம்பாதிக்கிறவள், என்னிடம் மரியாதையாகப் பேசுவாள். எனக்குச் சேர வேண்டிய திட்டெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டாள் மகராசி.

சரி, போலீஸ் வந்த கதையைச் சொல்கிறேன். அதைச் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது.

அந்தக் காலத்தில் கறுப்பு ஆட்கள் கையில் பாஸ் இல்லாமல் எங்கும் தங்கக் கூடாது. அவளிடம் பாஸ் இருந்தது, ஆனால் அதில் இந்த ஊருக்கு முத்திரை இல்லை. பிடித்தால் ஜெயில், பிறகு எங்கேயோ பார்த்திராத காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு நாள் விடிகிற நேரம், தெருமுனையில் ஜீப் சத்தம். கொல்லை அறைகளைத்தான் முதலில் தேடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். எங்கே ஒளித்து வைத்தாள் தெரியுமா? சாமி அறையில்.

நான் அன்றைக்கு மூன்றாம் நாள் தூரம். சாமி அறை வாசலைக் கூட மிதிக்கக் கூடாது, தாழ்வாரத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். அம்மா என்னைத் தாண்டிக்கொண்டு அவளைக் கூட்டிப் போய் அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார வைத்தாள். தன் மஞ்சள் புடவையை எடுத்துத் தலையோடு போர்த்தினாள், கை கால் தெரியாமல். விளக்கை ஏற்றினாள், சாம்பிராணியை அள்ளிப் போட்டாள். பெற்ற பெண் வாசலில், அவள் உள்ளே. உங்கள் ஊரில் இப்படி நடக்குமா?

வெள்ளைக்காரன் வந்தான். கொல்லையைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான், குழாயடிக் குவளையைப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் வந்தான். சாமி அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது, புகை வருகிறது. அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவனுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நான்.

"உள்ளே யார்?" என்று கேட்டான். அம்மாவுக்குச் சொன்னேன்.

அம்மா, "மாரி" என்றாள்.

நான் அவனிடம், "மேரி, சார்" என்றேன்.

அவன் சிரித்தான். "எல்லாரும் மேரிதான். எந்த மேரி?"

அம்மா அவனைப் பார்த்து, ஒரு இமை கூட ஆடாமல், "எம் மக" என்றாள்.

அதை நான் சொல்ல வேண்டும் தங்கச்சி. என் வாயால், நல்ல இங்கிலீஷில். "அவளுடைய மகள், சார்." சொன்னேன். வேறு என்ன செய்வது? பூட்ஸ் காலோடு அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். அம்மா அவன் காலைக் காட்டி, "செருப்பைக் கழட்டச் சொல்லு புள்ள" என்றாள். சொன்னேன். முழங்கால் வரைக்கும் கயிறு கட்டின பூட்ஸ். அவன் குனிந்து பார்த்தான், அந்த முடிச்சுகளை அவிழ்க்க அவனுக்குச் சோம்பல். உள்ளே எட்டிப் பார்த்தான். மஞ்சள் மூட்டை மாதிரி ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள், புகை கண்ணில் அடிக்கிறது. இருமிக்கொண்டே திரும்பினான். திரும்பும்போது என் பக்கம் விரலை நீட்டி, "அப்போ இது யார்?" என்றான்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய கவனமெல்லாம் கதவில் இருந்தது. கையை இப்படி அசைத்து, ஏதோ கூடையில் மிஞ்சின கத்தரிக்காயைச் சொல்கிற மாதிரி, "இதுவும் ஒண்ணு" என்றாள்.

இதுவும் ஒண்ணு.

அதையும் நான்தான் இங்கிலீஷில் சொன்னேன்.

அவன் போன பிறகு தெருவே வந்து அம்மாவைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது, எப்பேர்ப்பட்ட துணிச்சல் என்று. என்னை ஒருவரும் கேட்கவில்லை. அவனிடம் பேசினது யார்? மேரி சார், மகள் சார் என்று சொன்னது யார்? நான் ஒரே ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் அவள் கதை என்ன? ஒரு நிமிஷம் நாக்கு நுனி வரைக்கும் வந்ததுதான். ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். அம்மா மொழிபெயர்க்கத்தானே சொன்னாள், நான் மொழிபெயர்த்தேன். அவள் வெளியே வந்து அம்மாவின் காலில் விழுந்தாள். பிறகு என்னிடம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தூரம், கிட்டே வராதே என்றேன்.

அப்புறம் காலம் போயிற்று. எனக்குக் கல்யாணம் ஆயிற்று, மாப்பிள்ளை வீட்டோடு வந்தார், பெண் பிறந்தாள், அவளும் ஆஸ்திரேலியா போய்விட்டாள். அந்தச் சட்டம் மட்டும் சாகிற வழியாக இல்லை, கல் மாதிரி கிடந்தது. பிறகு ஒரு நாள் அதுவும் இற்றது. பலகைகளைக் கழற்றினார்கள். பெஞ்சில் எழுதியிருந்ததன் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். ஓட்டுப் போடுகிற நாள் வந்தது, எல்லாருக்கும் ஒரே வரிசை. உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஒரே வரிசை என்பதை நாங்கள் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வெளியே மைல் நீளத்துக்கு, நம் ஆட்கள், கறுப்பு ஆட்கள், இங்கே கூட்டம் குறைவு என்று கேள்விப்பட்டு வந்த இரண்டு மூன்று வெள்ளைக்காரர் கூட. எல்லாரும் அழுகிறார்கள், கட்டிக்கொள்கிறார்கள். நான் அழவில்லை. நான் நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு நிற்க முடியாது என்று வீட்டிலிருந்து சாப்பாட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். வரிசை நகர நகரத் தூக்கி வைக்கிறேன், அம்மா உட்காருகிறாள். பாதி தூரம் போனதும் அம்மா எழுந்துகொண்டு அவளிடம், "மாரி, கால் வீங்கியிருக்கு பாரு, நீ கொஞ்சம் உக்காரு" என்றாள். அவள் மாட்டேன் என்றாள். அம்மா திட்டி உட்கார வைத்தாள். நான் தூக்கி வந்த நாற்காலியில் அவள். என் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா. எல்லாரும் சுதந்திரம் சுதந்திரம் என்கிறார்கள். எனக்குத் தோள்பட்டை வலிதான் ஞாபகம்.

பிறகு எங்கே வேண்டுமானாலும் யாரும் வீடு வாங்கலாம் என்று ஆயிற்று. அவளுக்கு ஒரு மகன், க்வாமாஷூவில் சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தவன், வாத்தியார் வேலைக்குப் படித்து முன்னுக்கு வந்தான். உலகத்தில் அவனுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை, எங்கள் எதிர்வீட்டை வாங்கினான். அவளும் அங்கே குடிபோனாள், இனிமேல் அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ரோடுதான். வெளியே ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காத என் அம்மா, தினம் அந்த ரோட்டைக் கடந்து அங்கே போய் டீ குடித்தாள். அங்கே அம்மாவுக்கென்று தனியாகப் பூப்போட்ட கண்ணாடித் தம்ளர், அலமாரியில் மேல் தட்டில். வேறு யாரும் அதைத் தொடக்கூடாதாம். தனிக் குவளை என்றால் மரியாதைதானே? நாங்களும் அதைத்தானே செய்தோம்? இதைச் சொன்னால் தயாளன் சிரிக்கிறான்.

அம்மா போனது ஒரு மத்தியானம். வீடு நிறைய ஜனம். நான் தலைமாட்டில் பால் கரண்டியோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா கண்ணைத் திறக்காமல், நன்றாகத் தெளிவாக, "மாரி" என்றாள். அவ்வளவுதான், கடைசி வார்த்தை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும், தாயே, மாரியம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். சாமி பேரைச் சொல்லிப் போய்ச் சேருவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். பின்வாசலில் நின்றிருந்த அவள், "வந்துட்டேம்மா" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து காலைப் பிடித்தாள். எனக்கு எரிச்சல். யாரும் கூப்பிடாமலே வந்து நிற்கிறாளே என்று.

இந்தக் கோவில் சமையல்கட்டுச் சுவரில் கல் பதித்திருக்கிறது பாருங்கள், நான்தான் பதித்தேன். கண்ணாடி போடாமலே சொல்வேன். 'மாரியின் பெயரைச் சொல்லித் திருவடி சேர்ந்த சாலாட்சி அம்மாள்.'

இப்போது கமிட்டிக் கூட்டத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் அகப்பை யாருக்கு என்று பேசுகிறார்கள். தயாளன், "மேரி ஆன்ட்டியே செய்யட்டுமே" என்றான். அவள் பின்வரிசையிலிருந்து, "மேரி இல்ல தம்பி. மாரி" என்றாள்.

நான் சொன்னேன்: "அம்மாவுக்கு நாக்கு வராது. மேரியைத்தான் மாரின்னா."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கேலியாக இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "இல்ல லோகா. ஆத்தோரத்துல ஒரு நாள் எம்பேரு என்னன்னு கேட்டா. சொன்னேன். அப்படின்னா என்னடின்னா. அப்ப மழை கொட்டுது. மேல கையைக் காமிச்சேன். அட, அப்ப நீ மாரிடின்னா. அன்னிலேருந்து மாரிதான்."

நொம்வூலா என்றால் அவர்கள் பாஷையில் மழையோடு வந்தவளாம்.

மழைக்கு மாரி. சாமிக்கு மாரி. அவளுக்கும் மாரி. நான் தமிழ் படித்தவள், எனக்குத் தெரியாதா மாரி என்றால் மழை என்று? கூட்டத்தில் எல்லாரும் ஆகா என்கிறார்கள், ஒருத்தி கண்ணைத் துடைக்கிறாள், அகப்பை அவளுக்கே என்று முடிந்துவிட்டது. என் பெயரும் நல்ல பெயர்தான், லோகத்துக்கே அம்பாள். ஆனால் அது ஐயர் சொன்ன எழுத்துக்கு வைத்தது. மழையில் நின்றுகொண்டு யாரும் எனக்குப் பெயர் வைக்கவில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டது 'ஏ புள்ள' என்றுதான்.

அகப்பை போனால் போகட்டும். எனக்கு அகப்பை இல்லை விஷயம். அந்தக் கல். அதில் நானே பதித்த வார்த்தை. இத்தனை வருஷம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினேன். இப்போது அதைப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரிப் படிக்கிறது. அம்மா சாமியைத்தான் கூப்பிட்டாள். சாகிற நேரத்தில் எதிர்வீட்டுக்காரியை யாராவது கூப்பிடுவார்களா? நீங்கள் சொல்லுங்கள், வெளியூர்க்காரர், உங்களுக்கு ஒரு பக்கமும் இல்லை. சாமியைத்தானே? தலைமாட்டில் நான் இருக்கும்போது?

கல்லையே பார்க்கிறீர்கள். சரி.

அடடா, கூட்டம் கலைகிறது. அண்டா அடி தட்டுகிறதே, சத்தம் கேட்கிறதா? உங்களுக்கு இன்னும் கஞ்சியே வரவில்லை, என் பேச்சில் உங்களை உட்கார வைத்துவிட்டேன். இவ்வளவு தூரம் வந்து கஞ்சி குடிக்காமல் போனால் அது எனக்குத்தான் பாவம். அதோ வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகிறாள். கூப்பிடுங்கள். உங்கள் குரல் எட்டாது, இந்த மேளத்தில். மேரி என்றால் திரும்பமாட்டாள், கூட்டம் நடந்த நாளிலிருந்து திரும்புகிறதில்லை. மேரி! ஏ மேரி! பார்த்தீர்களா? போகிறாள். காதில் விழுந்தது, எனக்குத் தெரியும். போய்க்கொண்டே இருக்கிறாள்.

இருங்கள்.

மாரி!

ஏ மாரி!

...பார்த்தீர்களா, பார்த்தீர்களா இந்தக் கூத்தை? முன்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மா போன அன்றைக்கும் இப்படித்தான் கும்பிட்டார்கள். கும்பிடட்டும். யாரைக் கூப்பிட்டேன் என்று கூப்பிட்டவளுக்குத் தெரியும், வருகிறவளுக்குத் தெரியும்.

திரும்பிவிட்டாள். வருகிறாள். உங்கள் தம்ளரை நீட்டுங்கள். கொஞ்சம் இருங்கள், என் பையில் ஒரு குவளை இருக்கிறது. இல்லை, குடிப்பதற்காகக் கொண்டு வரவில்லை, மாத்திரை போட்டுக்கொள்ள. ஆமாம், நீல விளிம்புதான். வீட்டில் உடையாமல் மிஞ்சியது இது ஒன்றுதான், அதனால் எடுத்து வந்தேன். உங்கள் தம்ளரோடு இதையும் சேர்த்து நீட்டுங்கள், நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது யாருக்கு என்று கேட்பாள், கேட்காமல் இருக்கமாட்டாள். கேட்டால், இதுவும் ஒண்ணு என்று சொல்லுங்கள்.

அவளுக்குப் புரியும். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால்தானே உட்கார்ந்திருந்தாள்.